சயாம் போனவர் கணக்கைக் கரையானுக்குக் கொடுக்காதே!



காட்டு முனையில் நட்டிருக்கும் பலகையை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். காட்டு நம்பர், எத்தனை ஏக்கர், எந்த ஆண்டு கன்று வைத்தது, என்ன ஜாதிக் கன்று, பி.பி. 86-ஆ, ஆர்.ஆர்.ஐ.எம். 600-ஆ, அத்தனையும் பெயிண்டில் எழுதியிருக்கும். இருபது வருஷம் கழித்துப் புதிதாக வந்த துரைக்கும் அந்த மரத்தின் வயது தெரியும். அதே காட்டில் மரம் சீவியவன் 1943-இல் எங்கே கொண்டுபோகப்பட்டான், செத்தானா, பிழைத்தானா என்று கேட்டுப் பாருங்கள். பலகையும் இல்லை, பதிலும் இல்லை!

சயாமுக்குப் போன நம் ஆட்கள் எத்தனை பேர்? அவர்களில் திரும்பாதவர் எத்தனை பேர்? போருக்குப் பின் எழுதப்பட்ட பிரிட்டிஷ் கணக்கு ஒன்று, மலாயாவிலிருந்து சென்றவர் 78,204 பேர், மாண்டவர் 29,634 பேர் என்கிறது. பல நூல்களில் காணப்படும் இன்னொரு கணக்கு, சென்றவர் 75,000 பேர், மாண்டவர் 42,000 பேர் என்கிறது. இதற்கும் மேலே சொல்பவர்கள் உண்டு. போனவர் தொகை குறைகிறது, மாண்டவர் தொகை கூடுகிறது! இந்த இரண்டு கணக்குக்கும் நடுவே விழுந்து கிடக்கும் பிணங்கள் மட்டும் 12,000-க்கு மேல்.

அந்த 12,000 என்ற தொகையைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதே ரயில் பாதையில் வேலை வாங்கப்பட்ட வெள்ளைக்காரப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல். அவர்களில் மாண்டவர்களின் மொத்தத் தொகை ஏறத்தாழ இதே 12,000 தான். அவர்களுக்கு அது மொத்தச் சாவு. நமக்கோ அது கூட்டல் கழித்தல் பிழை!

வெள்ளைக்காரச் சிப்பாய் செத்ததற்காக நாம் வருந்தாமல் இல்லை. அவனும் நம்மைப் போல் பட்டினி கிடந்தவன், காலராவில் விழுந்தவன், ஜப்பான்காரன் கையால் அடிபட்டவன். கேள்வி வேறு. அவன் பெயர் எப்படிப் பிழைத்தது? காஞ்சனபுரிக்குப் போய்ப் பாருங்கள். புல் வெட்டி, பூச்செடி வைத்து, வரிசை வரிசையாகக் கல். கல்லுக்குக் கல் பெயர், படைப்பிரிவு, செத்த தேதி, வயது. சுங்கையிலும் அப்படியே, பர்மாப் பக்கத்தில் தான்பியூசாயாட்டிலும் அப்படியே. இவை வானத்திலிருந்து விழவில்லை. முகாமில் இருந்த காலத்திலேயே கைதிகள் ஒவ்வொரு சாவையும் குறித்துவைத்தார்கள். எழுதியது தெரிந்தால் உயிருக்கே ஆபத்து. ஆகவே குறிப்புகளை ஒளித்தார்கள். சிலவற்றைச் செத்தவனோடு குழியிலேயே புதைத்தார்கள். போர் முடிந்த அடுத்த மாதமே, 1945 செப்டம்பரில், கல்லறை தேடும் ஒரு சிறு கூட்டம் அந்தக் குறிப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு பாதை நெடுகப் போய், 10,000-க்கு மேற்பட்ட குழிகளைக் கண்டுபிடித்துப் பெயர் சேர்த்தது. அவர்களைக் காப்பாற்றியது காகிதம்!

நம்மவரோ கைநாட்டு. மொழி தெரியாத காட்டில், கிராணி இல்லை, செக்ரோல் இல்லை, பெயர் சொல்லிக் கூப்பிடுவார் இல்லை. நீக்கேப் பக்கம் 1943-இல் காலரா வந்தபோது குழியில் தள்ளி மூடியவனுக்கே தள்ளப்பட்டவன் பெயர் தெரியாது. 1943 அக்டோபர் 17-இல் இரண்டு முனைகளிலிருந்தும் வந்த தண்டவாளம் ஒன்று சேர்ந்தது. பாதையின் நீளம் 415 கிலோ மீட்டர். இந்த நீளம் எல்லோருக்கும் தெரியும்!

ஜப்பான்காரன் வைத்திருந்த காகிதம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 1945 ஆகஸ்டில் சரணடைந்தபோது அவன் செய்த முதல் காரியங்களில் ஒன்று கோப்புகளைக் கொளுத்தியது. ஆகவே, நம் ஆட்களைப் பற்றிய முதல் காகிதச் சாட்சி எங்கே தொடங்குகிறது என்றால், போர் முடிந்தபின் நடந்த புனரமைப்பு வேலையில்தான் தொடங்குகிறது. இந்தக் கட்டுரையின் விஷயமே அதுதான்.

1945 செப்டம்பர் தொடங்கி 1946 ஏப்ரல் முதல் தேதி வரை இந்த நாட்டை ஆண்டது பிரிட்டிஷ் இராணுவ ஆட்சி. பி.எம்.ஏ. என்பார்கள். வாழைமர நோட்டு செல்லாது என்று அறிவித்தது அந்த ஆட்சிதான். அரிசிப் பங்கீடு, ரயில், பாலம், ஆஸ்பத்திரி, தோட்டங்களைத் திரும்பத் திறப்பது, சயாமில் சிக்கிக் கிடந்த ஆட்களைக் கொண்டுவருவது, எல்லாம் அதன் தலையில் விழுந்தன. அதன்பின் 1948 ஜனவரி முடிய மலாயன் யூனியன் சர்க்கார். அதற்குப் பின் கூட்டரசு. சயாமில் பிழைத்துக் கிடந்தவர்கள் 1945 கடைசியிலும் 1946-லும் திருப்பிக் கொண்டுவரப்பட்டார்கள். கருணை மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. பிரிட்டனுக்கு அன்று டாலர் வேண்டும். டாலர் கொண்டுவருவது மலாயா ரப்பர். ரப்பர் எடுக்க ஆள் வேண்டும்.

எது எப்படியானாலும், ஆயிரக்கணக்கான ஆட்களை நாடு விட்டு நாடு கொண்டுவரும்போது, “உன் பெயர் என்ன, எந்தத் தோட்டம், உன்னோடு வந்தவன் எங்கே” என்று கேட்டு எழுதாமல் எந்த சர்க்காரும் கொண்டுவர முடியாது. ரயில் ஏற்ற வேண்டும், சோறு போட வேண்டும், எந்த ஸ்டேஷனில் இறக்குவது என்று தெரிய வேண்டும். கிராணியாக இருந்த எவருக்கும் இது விளங்கும். பட்டியல் இல்லாமல் ஒரு லாரி அரிசிகூட நகராது. அனாதைப் பிள்ளைகள், தாலி அறுத்த பெண்கள், உதவி கேட்டு வந்த மனுக்கள், தொழில் இலாகாவுக்குத் தோட்டங்கள் எழுதிய கடிதங்கள், “எம் ஆட்கள் இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் வந்தார்கள்” என்ற கணக்குகள், இவை அன்றைய ஆட்சி நடந்த விதத்திலேயே பிறந்திருக்க வேண்டிய காகிதங்கள். அவற்றில் எஞ்சியவை நமக்கு வேண்டும்.

சரி, எஞ்சியவை எங்கே? இராணுவ ஆட்சியின் கோப்புகளும், மலாயன் யூனியன் செயலகக் கோப்புகளும் கோலாலம்பூரில் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அர்க்கிப் நெகாரா என்று மலாயில் சொல்லப்படும் இடம் அதுதான். நாடு சுதந்தரம் பெற்ற அதே 1957-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் தேதி அது பொதுப் பதிவேட்டு அலுவலகமாகப் பிறந்தது. 1963-இல் தேசிய ஆவணக் காப்பகம் என்று பெயர் மாறியது. 1966-இல் அதற்கென்று ஒரு சட்டம், 2003-இல் அதைவிட அழுத்தமாக இன்னொரு சட்டம். சர்க்கார் ஏட்டைக் காப்பகத் தலைமை இயக்குநரின் சம்மதம் இல்லாமல் எவனும் அழிக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. இதையெல்லாம் செய்தவர்களை நாம் பாராட்டுகிறோம். அங்கே உட்கார்ந்து ராமபாணப் பூச்சியோடும் ஈரக் காற்றோடும் போராடுகிற சிப்பந்திகளும் நம்மைப் போன்ற தொழிலாளிகளே. யுத்தம் முடிந்த காலத்துக் காகிதம் மட்டமான காகிதம். தொட்டால் அப்பளம் போல் நொறுங்கும். அதைத் தாள் தாளாக ஒட்டிக் காப்பாற்றுகிறவனுக்கு நம் வணக்கம்.

ஆனால் காப்பகம் பிறப்பதற்கு முன்பே ஒரு தீ எரிந்துவிட்டது. 1957-இல் வெள்ளைக்காரன் மூட்டை கட்டும்போது, நமக்கு விட்டுப்போகத் தகாதவை என்று தான் கருதிய கோப்புகளைப் பொறுக்கி எடுத்து, கோலாலம்பூரிலிருந்து ஐந்து லாரிகளில் ஏற்றிச் சிங்கப்பூருக்கு அனுப்பினான். அங்கே கடற்படைக்குச் சொந்தமான எரியுலை இருந்தது. அந்த உலை அருமையான உலை என்று ஓர் அதிகாரி புகழ்ந்தே எழுதிவைத்திருக்கிறார்! எரிக்காமல் பெட்டி கட்டி இங்கிலாந்துக்குக் கொண்டுபோன கோப்புகளும் உண்டு. பல குடியேற்ற நாடுகளிலிருந்து அப்படிப் போனவை ஹான்ஸ்லோப் பார்க் என்ற இடத்தில் ஐம்பது வருஷம் மறைந்து கிடந்தன. 2011-இல் குட்டு வெளிப்பட்டு, மலாயா, சிங்கப்பூர்க் கோப்புகள் உட்பட 2012, 2013-இல் லண்டன் ஆவணக் காப்பகத்துக்கு வந்து சேர்ந்தன. ஐந்து லாரியில் என்ன இருந்தது? சாம்பலைக் கேட்டால் சொல்லுமா?

“பழைய காகிதம் சோறு போடுமா?” என்று நம்மிலேயே சிலர் கேட்கிறார்கள். தோட்டக் கூட்டத்தில் இதைக் கேட்டு நானே வாயடைத்து நின்றதுண்டு. இன்றைக்குப் பதில் இருக்கிறது. அந்தக் குட்டு எப்படி வெளிப்பட்டது தெரியுமா? கென்யா நாட்டில் மாவ் மாவ் கிளர்ச்சிக் காலத்தில் சிறைமுகாம்களில் சித்திரவதைப்பட்ட கிழவர்களும் கிழவிகளும் லண்டன் கோர்ட்டில் வழக்குப் போட்டார்கள். அந்த வழக்கில்தான் ஒளித்துவைத்த கோப்புகள் வெளியே வந்தன. வந்ததும் சர்க்காரின் வாய் அடைத்தது. 2013 ஜூன் மாதம் 5,228 பேருக்காக ஏறத்தாழ 2 கோடி பவுன் கொடுக்க பிரிட்டிஷ் சர்க்கார் ஒப்புக்கொண்டது. உழவர் குடியில் பிறந்த கறுப்புக் கிழவிக்கு அறுபது வருஷம் கழித்து நியாயம் வாங்கிக் கொடுத்தது பழைய காகிதமே அன்றோ!

இப்போது நம் கதையைப் பாருங்கள். போர் முடிந்ததும் இந்த நாட்டில் போர்ச்சேதத்துக்கு நஷ்டஈடு கொடுக்க ஆணையம் அமைத்தார்கள். கட்டடம், இயந்திரம், சரக்கு, வீட்டுச் சாமான் இழந்தவன் கோரிக்கை போடலாம். கம்பெனிக்குப் புகைக்கூடம் போயிற்று, எழுதினான். கடைக்காரனுக்குச் சரக்கு போயிற்று, எழுதினான். தோட்டத்துப் பெண்ணுக்குப் புருஷன் போனான். புருஷன் எந்தப் பத்தியில் வருவான்? கட்டடத்திலா, சாமானிலா?

1951-இல் சான் பிரான்சிஸ்கோ சமாதான ஒப்பந்தம். ஜப்பானிடம் போர்க்கைதியாக இருந்து துன்பப்பட்ட படைவீரர்களுக்கென்று அதிலே ஒரு பிரிவு, 16-ஆவது பிரிவு, இருக்கிறது. செஞ்சிலுவைச் சங்கத்தின் வழியாகப் பணம் போயிற்று. வாங்குகிறவன் யார் என்பதற்குப் பட்டாளத்தில் பெயர்ப்பட்டியல் இருந்தது. மலாயாவின் தோட்டத் தொழிலாளி படைவீரன் அல்ல. ஆகவே அந்தப் பிரிவில் அவன் இல்லை. நாடு அன்று சுதந்தர நாடும் அல்ல. ஆகவே அவனுக்காக மேஜையில் உட்கார ஆளும் இல்லை.

சிங்கப்பூரில் 1962-இல் சீனர்களின் எலும்புகள் குழி குழியாகக் கிடைத்தன. சீன வர்த்தகச் சங்கம் கணக்கெடுத்தது, தோண்டியது, கூட்டம் போட்டது, இரத்தக் கடனைக் கொடு என்று உலகம் கேட்கக் குரல் எழுப்பியது. 1966-இல் சிங்கப்பூருக்கு 5 கோடி வெள்ளி, பாதி மானியம், பாதி கடன். 1967 பிப்ரவரி 15-இல் பீச் ரோட்டில் நான்கு தூண்கள் எழுந்தன. அதே 1967 செப்டம்பரில் மலேசியாவுக்கு இரண்டரைக் கோடி வெள்ளி பெறுமானத்தில் ஒப்பந்தம் ஆயிற்று. அது எந்த உருவில் வந்தது? இரண்டு கப்பலாக வந்தது! நாட்டுக்குக் கப்பல் வேண்டாம் என்று எவனும் சொல்லமாட்டான். ஆனால் சயாம் காட்டில் கணவனைப் பறிகொடுத்துவிட்டு நாலு மணிக்கு எழுந்து பெரட்டுக்குப் போன பெண் அந்தக் கப்பலை எங்கே கட்டிவைப்பாள்?

சீன சகோதரர்களைப் பார்த்து நான் பொறாமைப்படவில்லை. கற்றுக்கொள்ள வேண்டியதைக் கற்றுக்கொள்ளச் சொல்கிறேன். அவர்கள் கையில் சங்கம் இருந்தது, பணம் இருந்தது, எல்லாவற்றுக்கும் மேலாக இன்னார் காணாமற்போனார் என்ற ஏடு இருந்தது. நம் கையில் ஒப்பாரி இருந்தது.

ஏடு திறக்காத இடத்தில் வதந்தி முளைக்கும். ஜப்பான் கோடி கோடியாகக் கொடுத்துவிட்டான், சர்க்கார் விழுங்கிவிட்டது, பெயர் கொடுத்தால் பணம் வரும் என்று பல வருஷமாக ஒரு பேச்சு உலாவுகிறது. பேரன் பேத்திகள் பாரம் நிரப்புகிறார்கள், போட்டோ ஒட்டுகிறார்கள், காத்திருக்கிறார்கள். கோப்புகள் பெயர்வாரியாக அட்டவணையிட்டுத் திறந்து கிடந்தால் இந்தப் பேச்சுக்கு ஒரு நாள்கூட ஆயுள் இராது. உண்மையாக ஏதேனும் வரவேண்டியிருந்தால் அதுவும் தெரியும்.

நிற்க. பணத்தை மட்டும் பேசினால் விஷயம் பாதிதான். குடியுரிமையைப் பேசுவோம். 1948 கூட்டரசு ஒப்பந்தப்படி இங்கே பிறந்தவன் 12 வருஷத்தில் 8 வருஷமும், வெளியே பிறந்தவன் 20 வருஷத்தில் 15 வருஷமும் இங்கே குடியிருந்ததைக் காட்டினால்தான் குடியுரிமை மனுப் போடலாம். எதைக் காட்டுவது? லயத்துச் சுவரையா? தோட்ட ஆபீஸில் கிடக்கும் செக்ரோல்தான் அவனுடைய ஒரே சாட்சி. நடுவில் இரண்டு வருஷம் சயாமில் கிடந்தவனுக்கு அந்த வருஷத்துச் சாட்சி யார்? ஜப்பான்காரன் காலத்தில் லயத்தில் பிறந்து பிறப்புப் பதிவு இல்லாத பிள்ளைக்கு, அப்பன் சயாமில் ஆத்தாள் காய்ச்சலில் என்று போன பிள்ளைக்கு, சாட்சி யார்? அந்தப் பிள்ளை சிவப்புக் கார்டோடு வளர்ந்தது. 1968-இல் வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து, குடியுரிமை இல்லாதவனுக்கு வேலைப் பெர்மிட் என்று ஆனபோது, மூட்டை கட்டிக் கப்பலேறியவர்களில் அந்தப் பிள்ளைகள் எத்தனை பேர்! இன்றைக்கும் பத்திரம் இல்லாமல் பதிவு இலாகாப் படியில் நிற்கிற பேரப்பிள்ளைகள் நம்மில் இருக்கிறார்கள். தாத்தாவின் பெயர் ஒரு கோப்பில் இருந்தால், தோட்டத்தின் பெயரும் தேதியும் இருந்தால், அது அவர்களுக்கு ஒரு படி.

இங்கேதான் கிராணிமாரிடம் ஒரு விஷயம் சொல்லவேண்டும். காப்பகத்தில் கோப்பு இருக்கிறது என்றால் பெயர் இருக்கிறது என்று அர்த்தம் அல்ல. கோப்பின் மேலட்டையில் ஆங்கிலத்தில் தலைப்பு இருக்கும். தொழிலாளர், திருப்பி அனுப்புதல், இன்ன தேதி என்ற மாதிரி. உள்ளே இருக்கிற ராமசாமி அட்டவணையில் வரமாட்டான். வந்தாலும் எந்த ராமசாமி? ஒரு தாளில் ராமசாமி, அடுத்த தாளில் ராமசாமியை ராமசுவாமி என்று எழுதுவான், இன்னொரு வெள்ளைக்காரன் ராமசமி என்று எழுதுவான். சாமி ஒருவர், எழுத்து மூன்று. ஒரே தோட்டத்தில் எட்டு முனியம்மா. அப்பன் பெயரும் செக்ரோல் நம்பரும் சேர்ந்தால்தான் ஆள் தெரியும். இதை ஆங்கிலம் மட்டும் தெரிந்த பட்டதாரி பிரிக்க முடியாது. மாரியாயி, மாரியாய், மாரியம்மா ஆகிய மூவரும் ஒருத்தியா மூவரா என்று சொல்லக்கூடியவர், ஆறு மணிக்குப் பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்டுப் பழகிய கிராணி. ஓய்வெடுத்த கிராணிகள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். கண் தெரிகிற காலத்தில் அவர்களை உட்காரவைத்து, தமிழில் ஒரு பெயர் அட்டவணை எழுதவைத்தால் என்ன? அர்க்கிப் நெகாராவுக்கு இது நம் சமூகம் கொடுக்கும் கூலியில்லா உழைப்பாகவே இருக்கட்டும்.

கசப்பான பேச்சு ஒன்றும் உண்டு. அதை மூடி மறைத்து எழுத எனக்கு மனம் வரவில்லை. சயாமுக்கு இத்தனை தலை வேண்டும் என்று ஜப்பான்காரன் கேட்டபோது, தோட்டம் தோட்டமாகப் பெயர் எழுதியவர் யார்? பல இடங்களில் நம்மவரே. கிராணி எழுதினார், கங்காணி கை காட்டினார். ஒரு வெள்ளிச் சம்பளம், நல்ல சாப்பாடு, சீக்கிரம் திரும்பலாம் என்று ஆசை காட்டியதும் நம் மொழியில்தான். வேண்டாதவன் பெயரை முதலில் எழுதிய கிராணியும் இருந்தார். பெயரை அடித்துவிட்டு ஆளைக் காட்டுக்குள் ஓடச்சொல்லி, அதற்காக அறை வாங்கிய கிராணியும் இருந்தார். இரண்டு பேர் பிள்ளைகளும் இன்று ஒரே கோயில் திருவிழாவில் ஒரே பந்தியில் உட்காருகிறார்கள். ஆகவேதான், “கிளறாதே, விடு” என்ற பேச்சு சர்க்காரிடமிருந்து மட்டும் வருவதில்லை, நம் வீட்டுத் திண்ணையிலிருந்தும் வருகிறது. நான் சொல்வது, அந்த ஏடும் இருக்கட்டும். நம்மைக் குற்றம் சொல்கிற ஏட்டை நாமே எரித்தால், ஐந்து லாரி அனுப்பியவனை எந்த முகத்தோடு கேட்பது?

ஏனென்றால் எரிப்பு நின்றுவிடவில்லை. சர்க்கார் ஏட்டுக்குச் சட்டம் காவல் இருக்கிறது. கம்பெனி ஏட்டுக்கு யார் காவல்? 1950-களில் தோட்டங்களைத் துண்டாடி விற்றார்கள். ஆபீஸ் அலமாரி எந்தத் துண்டுக்குச் சேரும்? பின்னால் ரப்பரை வெட்டிச் செம்பனை வைத்தார்கள். அதற்கும் பின்னால் செம்பனையையும் வெட்டி வீடு கட்டுகிறார்கள். ஒவ்வொரு கைமாற்றத்திலும் முதலில் குப்பைக்குப் போவது செக்ரோல். பேராக்கில் ஒரு தோட்டம், பெயர் வேண்டாம். ஆபீஸைக் காலி செய்த அன்று நான் அங்கே போயிருந்தேன். ஸ்டோருக்குப் பின்னால் புகை. தோல் முதுகு வைத்த பெரிய புத்தகங்கள், கனமாக இருப்பதால் சீக்கிரம் எரியவில்லை என்று ஒருவன் கம்பால் புரட்டிக்கொண்டிருந்தான். ஒன்று விரிந்து கிடந்தது. பெயர், பெயர், பெயர். எதிரே நீலப் பென்சிலில் ஆப்சென்ட் கோடு. வருஷம் என்னவென்று பார்க்கக் குனிந்தேன், அனல் முகத்தில் அடித்தது. கையில் கிடைத்தது அரைத் தாள். அதில் வருஷம் இல்லை.

அவனைத் திட்டி என்ன பயன்? எரி என்றார்கள், எரித்தான். எரி என்ற மேனேஜருக்கும் அது என்னவென்று தெரியாது. தெரிந்த நாம் அன்று ஒரு நாள் பிந்திப் போனோம்.

ஆகவே சர்க்காரிடம் நாம் கேட்பது பெரிய காரியம் அல்ல. இராணுவ ஆட்சி, மலாயன் யூனியன், தொழில் இலாகா, போர்ச்சேத ஆணையம் ஆகியவற்றின் கோப்புகளில் தோட்டத் தொழிலாளரைத் தொட்டவை எவை என்று ஒரு முழுப் பட்டியல் வேண்டும். அவற்றைப் படம் பிடித்து, பெயர்வாரி அட்டவணை போட்டு, எந்தத் தோட்டத்துப் பேரனும் பல்கலைக்கழகக் கடிதம் இல்லாமல் வந்து பார்க்கும்படி செய்ய வேண்டும். லண்டனில் இருக்கும் மலாயாக் கோப்புகளின் பிரதி கோலாலம்பூரில் இருக்க வேண்டும். தோட்டம் கைமாறும்போதும் நிலம் வேறு பயனுக்கு மாறும்போதும் பழைய செக்ரோல்களைக் காப்பகத்துக்குக் காட்டிய பிறகே கழிக்கலாம் என்று ஒரு விதி வேண்டும். நிலத்தின் பயனை மாற்ற அனுமதி கேட்டு வருகிற முதலாளி எத்தனையோ பாரம் நிரப்புகிறான். இன்னும் ஒரு பாரம் நிரப்பினால் கை வலிக்காது.

சிங்கப்பூரில் 1979-இலேயே வாய்மொழி வரலாற்றுக்கென்று ஒரு பிரிவு அமைத்து, ஜப்பானியர் காலத்தைக் கண்ட கிழவர்களின் குரலை ஒலிநாடாவில் பிடித்தார்கள். நம் சங்கங்கள் அந்தக் காலத்தில் என்ன செய்துகொண்டிருந்தன என்று கேட்டால், நமக்கும் தலை குனியத்தான் வேண்டும். சந்தாக் கணக்கு எழுதினோம், தலைவருக்கு மாலை போட்டோம். சயாமிலிருந்து திரும்பிய மனிதர் அடுத்த லயத்தில் இருமிக்கொண்டு கிடந்தார். போய் உட்கார்ந்து கேட்டவர் மிகச் சிலர். இன்று அந்த இருமலும் இல்லை. இனிக் குரல் கிடைக்காது, காகிதம்தான் மிச்சம்.

தோட்டத்தில் இன்னும் இருக்கிற கிராணிமாருக்கும், வெளியே வந்துவிட்ட குடும்பங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆபீஸ் பரணில், பழைய ஆயாக்கொட்டகையில், கோயில் அறையில், தாத்தாவின் டிரங்குப் பெட்டியில், 1940-களின் செக்ரோலோ, சம்பளப் புத்தகமோ, பழைய அடையாளக் கார்டோ, சயாமிலிருந்து வந்தபோது கொடுத்த துண்டுச் சீட்டோ இருந்தால் எரிக்காதீர்கள், லாமினேட் செய்யாதீர்கள், பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டாதீர்கள். ஈரம் உள்ளே நின்று எழுத்தைத் தின்றுவிடும். சுத்தமான வெள்ளைத் தாளில் சுற்றி, தரையில் வைக்காமல், கரையான் ஏறாத இடத்தில் வையுங்கள். எந்தத் தோட்டம், யார் கையிலிருந்து வந்தது, எந்த ஆண்டு என்று தனித் தாளில் பென்சிலால் எழுதிச் சேர்த்து வையுங்கள். கைத்தொலைபேசியில் தாள் தாளாகப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு காப்பகத்துக்கு எழுதுங்கள், சங்கக் கிளைக்கும் சொல்லுங்கள். கிளைக்காரர்கள் அதை வாங்கிப் பூட்டுகிற அலமாரியில் வைக்கும் கடமை உள்ளவர்கள். மூலத்தை யார் வந்து கேட்டாலும், அவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும், கையெழுத்துப் போட்ட ரசீது வாங்காமல் கொடுக்காதீர்கள்.